எத்தனை பேர் உக்காரணும்?: பவானி ஜமக்காளக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பவானியில் ஜமக்காளம் நெய்கிறவர்கள், நெய்யக் கொடுக்கிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள், கூட்டுறவு சங்கங்களில் பொறுப்பில் இருக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்து பதினொரு வருஷம் ஆகிறது. மாமனார் குழித்தறிக்காரர், தரையில் வெட்டிய குழியில் உட்கார்ந்து கையால் நெய்கிறவர். எங்கள் வீட்டில் தறி அவர் கையில், போன் என் கையில். அவர் நெய்வதையும் பக்கத்துத் தெருவில் நாலைந்து தறிகளில் நெய்வதையும் 2019-லிருந்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் விற்று வருகிறேன். பெரிய வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஏழெட்டுப் பார்சல் கட்டுகிறேன், பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவு அதில் நடக்கிறது. இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லப் பார்த்தேன். “ஆன்லைன் விஷயம்தானம்மா, சின்னப் பசங்க பாத்துக்குவாங்க” என்று உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். எழுதினால் யாரும் நடுவில் மறிக்க முடியாதில்லையா.

போன வாரம், வியாபாரிகள் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவை விரலால் தள்ளித் தள்ளி ஒரு மாதத்துக்குப் பின்னால் வரை போய்ப் பார்த்தேன். தாமரைப்பூ வைத்த காலை வணக்கங்கள். யாரோ எடுத்த ஜமக்காளப் படங்கள், ஐந்தாறு கை மாறி வந்து, ஓரத்தில் மூன்று பேருடைய போன் நம்பர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக. “ரேட்டுக்கு அழைக்கவும்.” மறுபடி காலை வணக்கம். நடுவில் சென்னையிலிருந்து ஒருவர், “10க்கு 12 அடி கிடைக்குமா, எப்போது கிடைக்கும்?” என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த செய்தி ஒரு முருகன் படம்.

அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல் முழுவதும்.

கல்யாணமான புதிதில் ஆடிப்பெருக்குக்கு, காவிரியும் பவானி ஆறும் சேருகிற நம் கூடுதுறைக்குப் போயிருந்தோம். குளித்து, சங்கமேஸ்வரரைக் கும்பிட்டு வெளியே வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் ஏதாவது ஒரு ஜமக்காளக் கடையில் எட்டிப் பார்க்காமல் போவதில்லை. நான் நின்ற கடையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். வெளியூர் அம்மா ஒருவர் வந்து, “ஜமக்காளம் வேணும்” என்றார். தாத்தா சைஸ் என்ன என்று கேட்கவில்லை. “எத்தனை பேர் உக்காரணும்?” என்றார்.

“பொண்ணுக்குச் சீரு. ஒரு இருவது பேர் வருவாங்க.”

“ஹால்லயா, வாசல்லயா? தரை டைல்ஸுங்களா, சிமெண்டுங்களா?”

இரண்டு நிமிடத்தில் அந்த அம்மா வீட்டு ஹால் அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் எழுந்து போய் ஒன்றை எடுத்து விரித்தார். ஒன்றே ஒன்று. அந்த அம்மா அதன் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது நம் போன்களில் நடப்பதைப் பாருங்கள். “வணக்கம், ஜமக்காளம் வேண்டும்” என்று ஒருவர் கேட்டால், நாம் நாற்பது படங்களை ஒரே மூச்சில் அனுப்புகிறோம். கூடவே “சைஸ்?” என்று ஒரு சொல். ஜமக்காளத்தை வாழ்க்கையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வாங்குகிறவருக்கு அடிக் கணக்கு எங்கே தெரியும்? அவர் நாற்பது படத்தையும் பார்த்துக் குழம்பி, ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று போய்விடுவார். நாமும் ஆன்லைனில் எல்லோரும் சும்மா விசாரிக்கிறவர்கள்தான் என்று சொல்லிக்கொள்வோம். அந்தத் தாத்தாவுக்கு இருந்த திறமை நம் ஊரில் எல்லாக் கடைத் திண்ணையிலும் இருந்தது. போன் வந்ததும் அதைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

இப்போது என் மாமனார் படம் திருடுபோன கதையைச் சொல்கிறேன். 2022-இல் அவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிற படம் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். பக்கத்தில் பெரியப்பா. அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்து, ஊடு நூல் வைத்த நாடாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அனுப்புவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னல் வெளிச்சம் சிவப்புப் பட்டையில் விழுந்து படம் நன்றாக அமைந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து பெங்களூரிலிருந்து என் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு இணைப்பை அனுப்பி, “உங்க மாமனார் ரெண்டு கடைக்கு நெய்யறாரா?” என்று கேட்டார். போய்ப் பார்த்தால் பேர் ஊர் தெரியாத ஒரு பக்கம். மேலே எங்கள் மாமனார். கீழே விற்பனைக்கு விசைத்தறி விரிப்பு. ‘ஒரிஜினல் பவானி கைத்தறி’ என்று தலைப்பு. விலை நம்முடையதில் பாதிகூட இல்லை.

என் படம், நான் எடுத்தது. காப்புரிமை மீறல் என்று புகார்ப் படிவம் இருக்கிறது, நிரப்பி அனுப்பினேன். சில நாளில் எடுத்தார்கள். அடுத்த மாதம் வேறொரு பக்கத்தில் அதே படம், இந்தத் தடவை கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாற்றி.

சோலாப்பூர்ப் பக்கத்து விசைத்தறி விரிப்பு பவானி ஜமக்காளம் என்ற பேரில் விற்கப்படுகிறது என்று நாம் பல வருஷமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறோம். சட்டம் நம் பக்கம்தான். 1985-ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய 11 வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. 2005-06-இல் பவானி ஜமக்காளத்துக்கு, இந்தப் பேர் இந்தப் பகுதிச் சரக்குக்கு மட்டும்தான் என்கிற புவிசார் குறியீடு கிடைத்தது. 2006-இலிருந்து கைத்தறி முத்திரை இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் படுத்துக்கொண்டு போனைத் தள்ளுகிற பெண்மணிக்கு முன்னால் சட்டப் புத்தகம் வந்து நிற்பதில்லை. இரண்டு படம் நிற்கிறது. இரண்டிலும் என் மாமனார். ஒன்றில் விலை பாதி.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. படம் யாருக்கும் சொந்தமில்லை. நாம் போடுகிற எந்தப் படத்தையும் அடுத்த நிமிடம் போலிக்காரர் போடலாம். அவரால் போட முடியாதது ஒன்றுதான்: கேள்விக்குப் பதில். “இதை யார் நெய்தது? இப்போது தறியில் என்ன இருக்கிறது? காட்ட முடியுமா?” என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? அவரிடம் தறியே கிடையாது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது ஆர்டர் கொடுத்தால், அவருடைய ஜமக்காளம் தறியில் ஏறி ஒரு முழம் வந்ததும் இருபது நொடிக்கு ஒரு வீடியோ எடுப்பேன். மாமனார் பேசுவார். “உங்களுதுதாங்க இது. சிவப்பு முடிஞ்சு பச்சை ஆரம்பிச்சிருக்குது.” அவ்வளவுதான். பாட்டு கிடையாது, எழுத்து ஓடாது, பின்னால் பேத்தி கத்துகிற சத்தம்கூட அப்படியே இருக்கும். அதை வாங்குகிறவருக்கு மட்டும் அனுப்புகிறேன். அவர் தன் அக்காவுக்கு அனுப்புகிறார், அலுவலகத்தில் காட்டுகிறார். எங்களுக்கு வருகிற புது ஆர்டர்களில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். ரீல்ஸ் பார்த்து வந்தவர்கள் ரொம்பக் குறைவு. ஒரு ரீல்ஸ் லட்சம் பேரைத் தாண்டிப் போனது. ஊரெல்லாம் பேசினார்கள். விற்றது நாலு.

அடுத்தது விலை. ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்.’ இதை எழுதுகிற கையைப் பிடித்து நிறுத்த முடிந்தால் நிறுத்துவேன். பெரியவர்கள் சொல்கிற காரணம் எனக்குத் தெரியும். மொத்தமாக எடுக்கிற கடைக்காரர்கள் நம் சில்லறை விலையைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள், பக்கத்துப் பட்டறைக்காரர் ஐம்பது ரூபாய் குறைத்துப் போடுவார். முதல் காரணம் நியாயமானது. அதற்கு வழி, மொத்த விலையைப் போனில் பேசுவதும், சில்லறை விலையைக் கடைக்காரர் விற்கிற விலைக்குக் கீழே போகாமல் வெளிப்படையாகப் போடுவதும். இரண்டாவதைப் பற்றி என்ன சொல்ல? பக்கத்துப் பட்டறைக்காரருக்கு நீங்கள் நூல் எங்கே எடுக்கிறீர்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறீர்கள் என்பதுவரை தெரியும். விலை தெரியாதவர் வாங்க வருகிறவர் ஒருவர்தான். விலை இல்லாத படத்தைப் பார்க்கிறவர் இரண்டில் ஒன்றை நினைக்கிறார்: ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள், அல்லது நம்மால் வாங்க முடியாது. இரண்டிலும் அவர் கேட்காமலே போய்விடுகிறார்.

நான் விலையையும் பார்சல் செலவையும் சேர்த்தே போடுகிறேன். ஜமக்காளம் கனமான சரக்கு. விலையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கூரியருக்குத் தனியாக என்றால் ஏமாற்றிய மாதிரி இருக்கிறது. பெரிய அளவு என்றால் லாரி சர்வீஸில் போட்டு அங்கே போய் எடுத்துக்கொள்ளச் சொன்னால் மலிவு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சொதப்பியதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ எல்லாம் தெரிந்தவள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை அரக்கு நிறத்தில் போட்ட பட்டை என் போனில் நல்ல சிவப்பாக விழுந்துவிட்டது. நானும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று படத்தைத் திருத்தினேன். கோயம்புத்தூரில் வாங்கியவர் பிரித்துப் பார்த்துவிட்டு, ‘படத்தில் ஒன்று, பார்சலில் ஒன்று’ என்று கீழே எழுதிவிட்டார். ராத்திரி நேரம், பதற்றத்தில் அந்தக் கருத்தை அழித்துவிட்டேன். காலையில் எழுந்தால் அவர் அதைப் படம் பிடித்துத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார்: ‘கேள்வி கேட்டால் அழிக்கிறார்கள்’. நிறம் தப்பானதற்குக் கோபப்பட்டவர்களைவிட, அழித்ததற்குக் கோபப்பட்டவர்கள் அதிகம். அங்கேயே போய், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, படத்தைத் திருத்தியது நான்தான், வேறு அனுப்புகிறேன், பழையதைத் திருப்பி அனுப்புகிற செலவும் என்னுடையது என்று எழுதினேன். அவர் மறுபடி என்னிடம் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்த இரண்டு பேர் இன்றுவரை வாங்குகிறார்கள்.

அதற்கப்புறம் படமெல்லாம் காலை வெயிலில், வாசலில், எந்தத் திருத்தமும் இல்லாமல்தான். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் குடம் வைத்துவிடுவேன். ஆறடி என்று எழுதினால் புரியாதவர்களுக்குக் குடத்தைப் பார்த்தால் அளவு புரிந்துவிடுகிறது.

எல்லோரும் கேட்கிற கேள்வி, ‘சாயம் போகுமா?’ நம்மில் பலர் யோசிக்காமல் “போகவே போகாதுங்க” என்று சொல்லிவிடுகிறோம். அடர்ந்த நிறத்தில் முதல் ஒன்றிரண்டு அலசலுக்குக் கொஞ்சம் கழியும் என்பது நமக்கே தெரியும். ‘முதல் இரண்டு தடவை தனியாக, சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள், நிழலில் காயப் போடுங்கள்’ என்று மாமியார் பேசி ஒரு குரல் பதிவு எடுத்து வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் அதையே அனுப்புகிறேன். ஒரு வெளிநாட்டுத் தமிழர் அதைக் கேட்டுவிட்டு, “எங்கம்மா பேசுற மாதிரியே இருக்கு” என்று இரண்டு ஜமக்காளம் சேர்த்துக் கேட்டார். இதெல்லாம் திட்டம் போட்டு வருகிறதா என்ன.

இனி நம்பர் விவகாரம். வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் அடைத்து வைத்திருக்கிறோம். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் சேர்த்துக்கொண்டே போகிறோம். அதில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய நம்பரும் தெரியும் என்பதை யோசித்தோமா? நம்மை நம்பித் தன் நம்பரைக் கொடுத்த ஒரு பெண்ணுக்குக் கண்டவரும் ‘ஹாய்’ அனுப்புகிறார். போட்டிக்காரர் ஒருவர் வாடிக்கையாளர் மாதிரி நுழைந்து மொத்தப் பட்டியலையும் எடுத்துப் போனதும் நடந்திருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் நம் நாட்டில் சட்டமே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், கடைக்கு வந்தவருடைய வீட்டு முகவரியைச் சுவரில் எழுதி ஒட்டுவோமா?

குழு வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் என்று தனிச் செயலி 2018-லிருந்தே இருக்கிறது, காசு கிடையாது. அதில் சரக்குப் பட்டியலை விலையோடு வைக்கலாம். ஒளிபரப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலுக்கு 256 பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாது. ஒரே ஒரு விஷயம், நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. நம் பேரைத் தன் போனில் எழுதி வைக்கிற அளவுக்கு நம்மை மதிக்காதவருக்கு எதற்கு அனுப்ப வேண்டும்? 2023 செப்டம்பரில் வந்த சேனல் வசதியும் பரவாயில்லை, பின்தொடர்கிறவருடைய நம்பர் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் அது ஒரு வழிப் பாதை. நாம் சொல்லலாம், அவர் பேச முடியாது. புதுச் சரக்கு வந்ததை அறிவிக்க ஆகும், அவ்வளவுதான்.

எதுவாக இருந்தாலும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். காகித நோட்டு. இதைச் சொன்னால் என் வயசுக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

2020 ஜூன் 29-ஆம் தேதி ராத்திரி டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. தடையின் சரி தப்பு வேறு விஷயம். டிக்டாக்கில் மட்டும் வியாபாரம் செய்துகொண்டிருந்த என் தூரத்து உறவுக்கார அண்ணன் ஒருவருக்கு அன்றோடு ஆயிரக்கணக்கான பேருடன் இருந்த தொடர்பு அறுந்தது. அவர்களில் ஒருவர் நம்பர்கூட அவரிடம் இல்லை. அடுத்த வருஷம், 2021 அக்டோபர் 4. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 4, சரியாக ஒரு மாதம் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக நின்றன, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அந்தக் கம்பெனிக்குள்ளேயே ஏதோ அமைப்பை மாற்றப் போய் எல்லாம் அறுந்து போனதாகப் பின்னால் சொன்னார்கள். மூன்றும் ஒரே முதலாளியுடையது என்பதே நம்மில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் கதை 2023-இல். ‘உங்கள் பதிவு காப்புரிமையை மீறுகிறது, 24 மணி நேரத்தில் இந்த இணைப்பில் விளக்கம் கொடுங்கள்’ என்று ஒரு செய்தி வந்தது. முன்னால் நானே காப்புரிமைப் புகார் கொடுத்தவள் அல்லவா, உண்மை என்று நம்பி உள்ளே போய்க் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் நாலு வருஷக் கணக்கு கைவிட்டுப் போனது. எங்கள் ஜமக்காளப் பக்கத்தில் யாரோ கிரிப்டோ விற்றுக்கொண்டிருந்தார்கள். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். கணக்கு திரும்பி வரவில்லை. ஆனால் முதல் பார்சலிலிருந்து ஒவ்வொருவர் பேர், ஊர், நம்பர், எதற்கு வாங்கினார்கள், என்ன நிறம் என்று மாமியார் எழுதி வைத்த நீள நோட்டு அலமாரியில் இருந்தது. ‘மகள் சீமந்தம், பச்சை கேட்டாங்க, கிடைக்கல.’ அதைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தேன். பச்சை கேட்டவருக்கு, “இப்போ பச்சை இருக்குதுங்க” என்றேன். அவர் பேத்திக்கு முதல் பிறந்த நாள் வந்திருந்தது. இரண்டு மாதத்தில் வியாபாரம் பழையபடி நின்றது. தொலைந்தது பின்தொடர்கிறவர்கள் மட்டும்தான், வாங்குகிறவர்கள் நோட்டில் இருந்தார்கள். அப்புறம் எல்லாக் கணக்குக்கும், உள்ளே நுழைய இன்னொரு ரகசிய எண்ணும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பு போட்டுவிட்டேன். நீங்களும் இன்றைக்கே போடுங்கள், பேரனைக் கூப்பிட்டால் ஐந்து நிமிட வேலை.

இதுவரை வாடிக்கையாளரைப் பற்றி. நமக்குள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம்.

போன வருஷம் ஒரு ஓட்டல்காரர்களுக்கு அறைகளில் விரிக்க அறுபது சின்ன ஜமக்காளம், எல்லாம் ஒரே இரண்டு நிறத்தில், நாற்பது நாளில் வேண்டும் என்று எனக்கு லிங்க்டுஇன் வழியாக வந்தது. ஆமாம், லிங்க்டுஇன். வேலை தேடுகிறவர்களுக்கான இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வீட்டு உள்அலங்காரம் செய்கிறவர்களும் கட்டடக் கலைஞர்களும் ஓட்டலுக்குப் பொருள் வாங்குகிற அதிகாரிகளும் அங்கேதான் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஆயிரம் பேர் இதயம் போடுவதைவிட அங்கே இப்படி ஒருவர் பார்ப்பது மேல். தறி படம் நாலு போட்டு, எந்த அளவுவரை நெய்ய முடியும், எத்தனை நாள் ஆகும், நிறம் சொன்னால் சாயம் போட்டுக் கொடுக்க முடியுமா என்று சின்னதாக எழுதி வைத்திருந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

எங்கள் ஐந்தாறு தறிக்கு அறுபது முடியாது. எனக்குத் தெரிந்த நாலு இடங்களில் கேட்டேன். ஒருவர், “பார்ட்டி நம்பரைக் கொடு, நானே பேசிக்கிறேன்” என்றார். இன்னொருவர் அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார், அடுத்த வாரம் வரவே இல்லை. ஒருவர் சரி என்று சொல்லிவிட்டு, பாதியை விசைத்தறியில் முடித்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். நான் அந்த ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அறுபது ஜமக்காளம். இந்த ஊரில் வேலை இல்லாமல் தூசி படிந்து நிற்கிற தறிகள் எத்தனை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

தாமரைப்பூ அனுப்புகிற அதே குழுவில், ‘அறுபது வேண்டும், இந்த நிறம், இந்தக் கூலி, யாரிடம் எத்தனை தறி காலியாக இருக்கிறது’ என்று ஒரு செய்தி போட்டு ஒரு நாளில் பதில் வாங்க முடிந்திருந்தால்? பார்ட்டியைப் பிடித்தவருக்கு இவ்வளவு, நெய்தவருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் யாரும் யாருடைய பார்ட்டியையும் பறிக்கத் தேவையில்லை. திருப்பூரில் பெரிய ஆர்டரைப் பல யூனிட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்து வாங்குவது அன்றாட வேலை. அவர்களுக்கும் நமக்கும் நடுவில் எழுபது கிலோமீட்டர்கூட இருக்காது.

கூலி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பேசினாலும் போன் தறியை ஓட்டாது. நேரடியாக விற்பதில் கிடைக்கிற கூடுதல் காசில் நெய்கிறவர் கைக்கு எதுவும் போகவில்லை என்றால், நாம் செய்வது இடைத்தரகர் வேலைதான், கடை இருந்த இடத்தில் போன் இருக்கிறது. நான் மாமனாரைத் தவிர மற்ற தறிக்காரர்களுக்குச் சங்கக் கூலியைவிடக் கொஞ்சம் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். இன்னும் கொடுக்க வேண்டும். அதைப் பற்றி என்னிடம் யாராவது சண்டை போட்டால் நியாயம்தான்.

விளம்பரம் செய்கிற பிரபலங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு ஜமக்காளத்தை இலவசமாக வாங்கிக்கொண்டு ஒருவர் போட்ட பதிவில் நம் பவானி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதையாவது கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஆகஸ்ட் 7. தேசியக் கைத்தறி நாள் 2015-லிருந்து வருகிறது, அன்றைக்கு மட்டும் எல்லோரும் தறிக்கு மாலை போட்டுப் படம் போடுகிறோம். ஆகஸ்ட் 8 அன்று அதற்குக் கீழே ‘விலை என்ன?’ என்று கேட்பவருக்குப் பதில் இருக்காது.

சங்கத்துப் பெரியவர்களிடம் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. இணையதளம் கட்ட வேண்டாம், செயலி வேண்டாம், லட்சக்கணக்கில் ஏஜென்சிக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு பொது நம்பர். அதில் பதில் சொல்ல, நம் நெசவுக் குடும்பங்களிலிருந்தே படித்துவிட்டு வீட்டில் இருக்கிற இரண்டு பெண்கள், சம்பளத்தோடு. அதிகாலையில் கேட்டாலும் மதியத்துக்குள் பதில் போக வேண்டும் என்பது மட்டும் விதி. தறியில் உட்கார்ந்த அனுபவம் இருந்தால் இன்னும் நல்லது, ‘இது கைத்தறிதானா?’ என்று கேட்டால் எழுந்து போய்த் தறியைக் காட்டிவிடுவார்கள். வடக்கிலிருந்து கேட்பவர்களுக்கு இந்தி தெரிந்த ஒருவர் மாலையில் வந்து போனால் போதும். விற்கிற ஒவ்வொன்றிலும் நெய்தவர் பேர் எழுதிய சின்னச் சீட்டு, நெய்தவர் சம்மதித்தால். புவிசார் குறியீட்டின் இலச்சினையைப் போட வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக ஒவ்வொருவரும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவகம் எங்கோ டெல்லியில் இல்லை, சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. அதற்கான படிவங்களைச் சங்கமே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தால் புண்ணியம். என் மாமனார் அந்தப் படிவத்தை இரண்டு வருஷமாகத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள். பேச மாட்டேன். எல்லோரும் போனை எடுத்து, கடந்த மாதம் வந்து பதில் போகாமல் கிடக்கிற செய்திகளைத் திறப்போம். அங்கேயே, அப்போதே, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவோம். மேலே சொன்ன அந்தச் சென்னைக்காரருக்கு நானே எழுதிவிட்டேன். ‘எத்தனை பேர் உக்காரணுங்க?’ என்று கேட்டேன். அம்மாவுக்கு எண்பதாம் பிறந்த நாளாம், சொந்தக்காரர்கள் முப்பது பேர் வருகிறார்களாம். 10க்கு 12 போதாது, இரண்டாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. சிவப்பும் பச்சையும், அதே அளவில், 20 நாளில் இன்னொன்று கொடுக்க யாரிடமாவது தறி காலியாக இருந்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரர் வீட்டு மருமகள்,
பவானி.